பூஞ்சணமும் மஞ்சளும்

1

புதுமைப்பித்தன் 1906ல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். 1948ல் திருவனந்தபுரத்தில் க்ஷயரோகத்தில் இறந்தார். இந்த இரண்டு வருஷங்களுக்கு நடுவில் உள்ளதைப் பற்றி நாம் நிறையவே எழுதியிருக்கிறோம். இரண்டாவது வருஷத்தைப் பற்றி மட்டும் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறோம்: இன்னும் கொஞ்ச காலம் தாக்குப் பிடித்திருந்தால் மருந்து வந்து காப்பாற்றியிருக்கும். எழுத்தாளர்கள் கூடுகிற இடங்களில் இதை நான் பல தடவை கேட்டிருக்கிறேன். சொல்பவர் யாராயினும் சொல்லி முடித்ததும் ஒரு சின்ன மௌனம் வரும். இந்த வாக்கியத்தில் சோகம் இருக்கிறது, விதி இருக்கிறது, ஒரு சிறுகதைக்கு வேண்டிய முடிவும் இருக்கிறது. சரித்திரம் இல்லை.

ஸ்ட்ரெப்டோமைஸின் 1943லேயே அமெரிக்காவில் கண்டெடுக்கப்பட்டுவிட்டது. வாக்ஸ்மனின் சோதனைச்சாலையில் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற மாணவர் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். ஆக, புதுமைப்பித்தன் படுக்கையில் கிடந்தபோது மருந்து உலகத்தில் இருந்தது. அது என்ன செய்யும் என்பதை ஒழுங்காகச் சோதித்துச் சொன்னது பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸில். அதன் அறிக்கை 1948 அக்டோபரில், அவர் இறந்து சில மாதங்களுக்குப் பிறகு வெளிவந்தது. 107 நோயாளிகளில் 55 பேருக்கு ஊசி, 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மட்டும். ஆறு மாதத்தில் ஊசி போட்டுக் கொண்டவர்களில் 4 பேர் இறந்திருந்தார்கள். போட்டுக் கொள்ளாதவர்களில் 14 பேர். இதுவரைக்கும் நம்முடைய வாக்கியத்துக்குச் சாதகம்தான்.

அதே அறிக்கையில் இன்னொரு செய்தி இருக்கிறது. மருந்து பெற்றவர்களில் 41 பேருடைய கிருமிகளைச் சோதித்தார்கள். 35 பேரிடம் கிருமி அந்த மருந்துக்குப் படியாததாக மாறியிருந்தது. ஐந்து வருஷம் கழித்துக் கணக்கெடுத்தபோது ஊசிக்காரர்களில் 32 பேரும் ஓய்வுக்காரர்களில் 35 பேரும் இல்லை. முதல் ஆறு மாதத்தில் தெரிந்த வித்தியாசத்தில் பெரும் பகுதி கரைந்துவிட்டிருந்தது. ஒரு மருந்தைத் தனியாகக் கொடுத்தால், அதற்கு மடியும் கிருமிகள் மடிந்து, கோடியில் ஒன்றாக ஏற்கனவே மாறிப்போயிருந்த கிருமி காலியான இடத்தை நிரப்பிக் கொள்கிறது.

காப்பாற்றியது ஒரு மருந்து அல்ல, மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை. அந்த முறையின் சரித்திரத்தில் சென்னைக்கு ஒரு முக்கியமான இடம் உண்டு. 1956ல் சேத்துப்பட்டில் தொடங்கிய க்ஷயரோக மருந்துச் சிகிச்சை நிலையம், நகரத்தின் ஏழை நோயாளிகள் 193 பேரை எடுத்துக் கொண்டு, பாதிப் பேரை சானடோரியத்திலும் பாதிப் பேரை அவர்கள் வீட்டிலேயும் வைத்து இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தது. 1959ல் முடிவு வெளியாயிற்று. வீட்டில் இருந்தவர்களும், நல்ல சாப்பாடும் காற்றும் ஓய்வும் பெற்ற சானடோரியத்தவர்களுக்குக் குறைவில்லாமல் குணமானார்கள். உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட இந்தச் சோதனை ஒரு காரணம். இந்த நிகழ்ச்சி நம் இலக்கியத்தில் எங்கும் பதிவாகவில்லை. க்ஷயரோகியைக் கதாபாத்திரமாக்கத் தெரிந்த நமக்கு, அவன் பிழைத்துக் கொண்டதை எழுதத் தெரியவில்லை.

கடலூர்க்காரன் என்ற முறையில் எனக்கு இதில் கூடுதல் அக்கறை உண்டு. எங்கள் பக்கத்தில் வியாதி எப்போதும் வேறு ஏதோ ஒன்றின் ஆரம்பமாகவே சொல்லப்பட்டு வந்திருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் திருநாவுக்கரசருக்குச் சூலை வந்தது, அவர் சமணத்தை விட்டுத் திருவதிகைக்கு வந்தார் என்கிறது மரபு. வயிற்று வலிக்கு ஆன்மீகக் காரணம் கிடைத்தது, காவியத்துக்கு ஒரு திருப்பமும் கிடைத்தது. வயிற்றுக்குள் நடந்தது என்ன என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் கேட்டிருக்க முடியாது. இப்போது கேட்க முடியும். கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையை வைத்துக்கொண்டே கேட்க முடியும் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

2

1945 டிசம்பரில் ஃப்ளெமிங் நோபல் பரிசு வாங்கியபோது தன் உரையின் முடிவில் ஒரு சிறுகதை சொன்னார். அதைச் சிறுகதை என்றே நான் எடுத்துக் கொள்கிறேன். மிஸ்டர் எக்ஸ் என்பவருக்குத் தொண்டைப் புண். தானே பெனிசிலின் வாங்கிக் கொள்கிறார். ஸ்ட்ரெப்டோகாக்கஸைக் கொல்லப் போதாத அளவு, ஆனால் அதற்குப் பாடம் சொல்லிக் கொடுக்கப் போதுமான அளவு. மனைவிக்குத் தொற்றுகிறது. அவளுக்கு நிமோனியா. பெனிசிலின் கொடுக்கிறார்கள், கேட்கவில்லை. இறந்து போகிறாள். யார் குற்றவாளி? மிஸ்டர் எக்ஸ்தான் என்கிறார் ஃப்ளெமிங்.

விமர்சகன் செய்ய வேண்டிய முதல் காரியம் கதையில் தகவல் பிசகு இருக்கிறதா என்று பார்ப்பது. இருக்கிறது. தொண்டைப் புண்ணை உண்டாக்கும் அந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் எண்பது வருஷமாகியும் பெனிசிலினுக்குப் படிந்தே வருகிறது. பாடம் கற்றுக் கொண்டவை வேறு கிருமிகள். முதலில் ஸ்டெஃபிலோகாக்கஸ். அதுவும் மிஸ்டர் எக்ஸின் படுக்கையறையில் அல்ல, ஆஸ்பத்திரி வார்டுகளில். இரண்டாவது காரியம் கதையின் ஒழுக்கத்தைப் பார்ப்பது. குற்றம் முழுக்க ஒரு தனிமனிதன் தலையில் விழுகிறது. அவனுக்கு விற்றவன், தயாரித்தவன், விலை வைத்தவன், கழிவைக் கொட்டியவன் யாரும் கதைக்குள் வரவில்லை. நம் மருந்துக்கடை வாசலில் நின்று ‘ஜுரத்துக்கு இரண்டு மாத்திரை குடுங்க’ என்று கேட்கும் ஆள்தான் இன்று வரை இந்தச் சரித்திரத்தின் வில்லன். சர்க்கார் விளம்பரங்களும் மருத்துவர்களின் வாரப் பத்திரிகைப் பத்திகளும் அவனிடம்தான் பேசுகின்றன. 2014 மார்ச்சில் அமலுக்கு வந்த ஹெச்-1 பட்டியல், சில ஆன்டிபயாடிக்குகளைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது, விற்றால் பதிவேட்டில் எழுத வேண்டும் என்றது. நல்ல காரியம்தான். ஆனால் அதுவும் கடை வாசலோடு நின்று போகிறது.

கதையை ஃப்ளெமிங் ஆரம்பித்த இடத்துக்கு முன்னாலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்பது என் கட்சி.

3

கடலூர் ஓ.டி.யைத் தாண்டித் தெற்கே போனால் சாலையின் ஒரு பக்கம் உப்பனாற்றை ஒட்டி சிப்காட் ஆலைகள். பச்சையாங்குப்பம், குடிகாடு, ஈச்சங்காடு, சங்கொலிக்குப்பம், செம்மங்குப்பம் என்ற கிராமங்களின் நடுவில் 1980களில் எழுந்தவை. சாயம், பூச்சிமருந்து, அமிலம், பிளாஸ்டிக் என்று பல ரகம். அவற்றில் ஒன்றில் பூஞ்சணம் வளர்த்தார்கள். ஸ்பிக் நிறுவனத்தின் மருந்துப் பிரிவு 1990களில் இங்கே பெனிசிலின்-ஜி தயாரித்தது.

செய்முறையைச் சொல்வது அவசியம், ஏனென்றால் ‘மருந்துக் கம்பெனி’ என்றதும் மாத்திரை அச்சடிக்கும் யந்திரம்தான் நம் மனசில் வருகிறது. இது விவசாயத்துக்குக் கிட்டத்தில் உள்ள தொழில். பெனிசிலியம் என்ற பூஞ்சணத்தைப் பிரம்மாண்டமான எஃகுத் தொட்டிகளில், சர்க்கரையும் மக்காச்சோள ஊறல் சாறும் கொடுத்து, சுத்தம் செய்த காற்றை இடைவிடாமல் செலுத்தி, நாள் கணக்கில் நொதிக்க விட வேண்டும். ஃபீனைல் அசெட்டிக் அமிலத்தைக் கலந்தால் அது உண்டாக்கும் பல பெனிசிலின்களில் ‘ஜி’ என்ற வகை மிகுதியாகிறது. பிறகு பூஞ்சணத்தை வடிகட்டி எறிந்துவிட்டு, நீரிலிருந்து மருந்தைக் கரைப்பானில் இழுத்து, உப்பாக மாற்றி உலர்த்த வேண்டும். இந்தப் பெனிசிலினிலிருந்து ஒரு கிளையை நொதியால் நறுக்கி எடுத்தால் 6-ஏபிஏ என்ற கரு கிடைக்கும். அதில் வேறு கிளைகளை ஒட்டினால் ஆம்பிசிலின், அமாக்ஸிசிலின். நம் வீட்டு அலமாரிகளில் உள்ள மாத்திரைகளுக்குப் பின்னால் எங்கோ ஒரு பூஞ்சணத் தொட்டி இருக்கிறது.

1954ல் புணேக்குப் பக்கத்தில் பிம்ப்ரியில் உலக சுகாதார ஸ்தாபனம், யுனிசெஃப் உதவியோடு ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் ஆரம்பித்தபோது, பெனிசிலினை நாமே காய்ச்சுவது என்பது அணை கட்டுவது போல ஒரு தேசிய லட்சியமாக இருந்தது. நாற்பது வருஷத்தில் அது வெறும் விலைப் பிரச்னையாகிவிட்டது. சீனாவிலிருந்து வந்த பெனிசிலினின் விலைக்கு முன்னால் இந்தியத் தொட்டிகள் ஒவ்வொன்றாக நின்றன. கடலூர்த் தொட்டியும் நின்றது. பிறகு பல வருஷங்கள் உலகத்துக்கே மருந்துக் கடை என்று பெயர் வாங்கிய தேசம் தன் பெனிசிலினின் மூலப் பொருளைக் கப்பலில் வரவழைத்துக் கொண்டிருந்தது. 2020ல் சீனாவிலிருந்து வரத்துக்கு ஆபத்து வந்தபோதுதான் டெல்லிக்கு விழிப்பு வந்தது. உதவித்தொகைத் திட்டம் போட்டு 2024ல் காக்கிநாடா பக்கம் மறுபடியும் ஒரு பெரிய ஆலை ஓட ஆரம்பித்தது.

பூஞ்சணம் போன பிறகும் மருந்து இந்தச் சாலையை விட்டுப் போகவில்லை. 1976ல் ஆரம்பித்த சாசன் நிறுவனம் புதுச்சேரியிலும் கடலூரிலும் ஆலைகள் வைத்தது. இபுப்ரொஃபெனை உலகத்தில் மிகப் பெரிய அளவில் தயாரித்தவர்களில் அது ஒன்று. (2015ல் ஸ்ட்ரைட்ஸுடன் சேர்ந்து, 2018 முதல் சொலாரா என்ற பெயரில் நடக்கிறது.) இபுப்ரொஃபென் கிருமியைத் தொடாது. உடம்பு கிருமியைக் கண்டு கொதிப்பதைத் தணிக்கும். ஒரே பிராந்தியத்தில் ஒரு தொழில் கிருமிக்கு எதிராகவும், இன்னொன்று கிருமியை எதிர்க்கும் உடம்பின் கோபத்துக்கு எதிராகவும். இது தற்செயல்தான். ஆனால் இந்த இரண்டும் ஒரே விஷயத்தின் இரண்டு முகங்கள் என்று பின்னால் விஞ்ஞானம் கண்டது தற்செயல் அல்ல.

இந்த ஆலைகளின் நிழலில் வாழ்கிறவர்களின் கட்சியையும் இங்கே குறிக்க வேண்டும். 2003ல் நீதிபதி கனகராஜ் தலைமையில் மக்கள் தீர்ப்பாயம் ஒன்று சிப்காட் கிராமங்களில் விசாரித்து அறிக்கை தந்தது. காற்று, நிலத்தடி நீர், மீன் என்று ஒவ்வொன்றாக மக்கள் இழந்ததைப் பதிவு செய்த அறிக்கை அது. எதிர்க்கும் கிருமியைப் பற்றி அதில் கேள்வி எழவில்லை. 2003ல் அந்தக் கேள்வியை ஆலைக் கழிவோடு சேர்த்து யோசிக்கும் பழக்கம் பரவலாக இல்லை.

4

அழற்சி என்கிறோம். அழல் என்ற சொல்லிலிருந்து வந்தது. லத்தீன் வழி ஐரோப்பியப் பெயரும் நெருப்பிலிருந்தே வந்தது. முதல் நூற்றாண்டு ரோமாபுரியில் செல்ஸஸ் இதற்கு நான்கு அடையாளம் சொன்னார்: சிவப்பு, வீக்கம், சூடு, வலி. ஆயிரத்தெண்ணூறு வருஷம் இதற்கு மேல் அதிகம் போக முடியவில்லை. நெருப்பு என்று பெயர் வைத்ததால் அது அணைக்கப்பட வேண்டிய ஒன்றாகவே தெரிந்தது. உண்மையில் அது ஒரு வாசிப்பு. உடம்பு எதையோ படித்துவிட்டுக் கொடுக்கும் பதில்.

எப்படிப் படிக்கிறது என்ற கதை 1961ல் பாரிஸில் தொடங்குகிறது. ஜாக்கோப், மோனோ இருவரும் ஒரு பாக்டீரியா பால் சர்க்கரை கிடைக்கும்போது மட்டும் அதைச் செரிக்கும் நொதியைச் செய்து கொள்வதை ஆராய்ந்தார்கள். ஜீன் எப்போதும் வேலை செய்து கொண்டிருப்பதில்லை, அதைத் தடுக்கவும் திறக்கவும் தனி ஏற்பாடு இருக்கிறது என்று காட்டினார்கள். ஜீன் என்பது தலையெழுத்து என்ற எண்ணம் அன்றைக்கே காலாவதியாகிவிட்டது. எழுதப்பட்டிருப்பது முக்கியம்தான். எப்போது வாசிக்கப்படுகிறது என்பது அதைவிட முக்கியம்.

மனித உடம்பில் இதற்குச் சமமான ஒரு கதவை 1986ல் ரஞ்சன் சென், டேவிட் பால்டிமோர் இருவரும் கண்டார்கள். என்.எஃப்.-கப்பா-பி என்ற வாயில் நுழையாத பெயர் கொண்ட புரதம். சாதாரண சமயத்தில் இன்னொரு புரதம் அதைப் பிடித்து ஜீன்கள் இருக்கும் உட்கருவுக்கு வெளியே வைத்திருக்கிறது. அபாயச் செய்தி வந்தால் பிடி விடுகிறது. இது உள்ளே போய் நூற்றுக்கணக்கான ஜீன்களைத் திறந்து விடுகிறது. இபுப்ரொஃபென் தடுக்கும் நொதியின் ஜீன் அவற்றில் ஒன்று. அந்த வலிமாத்திரை செய்வது நெருப்பை அணைப்பதல்ல. நீண்ட வாக்கியத்தின் கடைசிச் சொல்லை அடிப்பதுதான்.

அபாயச் செய்தி எது? பல உண்டு. அவற்றில் ஒன்று பெனிசிலினோடு நேராகச் சம்பந்தப்பட்டது. பாக்டீரியாவைச் சுற்றி ஒரு சுவர் இருக்கிறது. சர்க்கரைச் சங்கிலிகளைச் சின்னச் சின்னப் புரதத் துண்டுகளால் குறுக்கே தைத்து நெய்த சுவர். தைக்கும் நொதியைப் பெனிசிலின் பிடித்துக் கொள்கிறது. சுவர் தைக்கப்படாமல் நைந்து, கிருமி வெடிக்கிறது. மனித உடம்பில் இப்படி ஒரு சுவர் எந்தச் செல்லிலும் கிடையாது. அதனால்தான் பெனிசிலின் நம்மைக் கொல்வதில்லை. அதே காரணத்தால் அந்தச் சுவரின் துண்டு ஒன்று நம் செல்லுக்குள் வந்தால், அது அந்நியம் என்பதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. நாட்-1, நாட்-2 என்ற இரண்டு புரதங்கள் அந்தத் துண்டுகளை அடையாளம் கண்டு என்.எஃப்.-கப்பா-பியை அவிழ்த்து விடுகின்றன என்று 2003ல் தெளிவாயிற்று.

இப்போது கிருமியின் பக்கம் வருவோம். என்டிரோபாக்டர், சூடோமோனாஸ் போன்ற சில பாக்டீரியாக்கள் தம் சுவரின் உதிர்ந்த துண்டுகளை உள்ளே எடுத்து மறுபடியும் உபயோகித்துக் கொள்ளும் சிக்கனக்காரர்கள். பெனிசிலின் இனத்து மருந்து வந்து சுவர் நையும்போது துண்டுகள் அளவுக்கு மீறிச் சேருகின்றன. அந்த மிகுதியை ஆம்ப்-ஆர் என்ற புரதம் படிக்கிறது. படித்து, மருந்தை வெட்டும் நொதியின் ஜீனைத் திறக்கிறது. மருந்தைப் பார்த்து அல்ல, தன் வீட்டுச் சுவர் விழுவதைப் பார்த்து. 1990களில் இது வெளியாயிற்று. பெனிசிலினை வெட்டும் நொதி ஒன்று உண்டு என்பதை ஏப்ரஹாமும் செய்னும் 1940லேயே, மருந்து கடைக்கு வருவதற்கு முன்பே, எழுதிவிட்டார்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஆக, ஒரே இடிபாட்டை இரண்டு பேர் வாசிக்கிறார்கள். ஒருவன் வாசித்துவிட்டுக் கொதிக்கிறான். இன்னொருவன் வாசித்துவிட்டு ஆயுதம் செய்கிறான். இது உவமைக்காக நான் கட்டியது இல்லை. சிகிச்சையிலேயே இதற்குச் சாட்சி உண்டு. மூளை உறைக் காய்ச்சலில் ஆன்டிபயாடிக் மட்டும் கொடுத்தால் வெடித்த கிருமிகளின் துண்டுகளே கொதிப்பைக் கூட்டுகின்றன. முதல் ஊசியோடு, அல்லது சற்று முன்னால், அழற்சியைத் தணிக்கும் டெக்ஸாமெதஸோனும் கொடுத்தால் பெரியவர்களில் சாவு குறைகிறது என்று 2002ல் ஐரோப்பிய நாடுகளில் நடந்த சோதனை காட்டியது. கிருமியைக் கொல்வதும் உடம்பைக் காப்பதும் ஒன்றல்ல.

5

சிதம்பரத்தில், 1929ல் அண்ணாமலை செட்டியார் ஆரம்பித்த பல்கலைக் கழகத்தில், இந்த விஷயத்தின் இன்னொரு முனை ஆராயப்பட்டது. உயிர்வேதியியல் துறையில் வேணுகோபால் பி. மேனனும் அவரோடு இருந்தவர்களும் மஞ்சளின் நிறப் பொருளான குர்குமினைக் கொண்டு வருஷக்கணக்கில் வேலை செய்தார்கள். நிக்கோடின் செலுத்தப்பட்ட எலிகளின் திசுக்களில் ஏற்படும் சேதத்தைக் குர்குமின் எவ்வளவு குறைக்கிறது என்று அளந்த கட்டுரை 2004ல் வந்தது. குர்குமினின் ஆக்ஸிஜனேற்றத் தடுப்பு, அழற்சித் தடுப்புக் குணங்களைத் தொகுத்து 2007ல் மேனன் ஒரு மாணவரோடு எழுதிய கட்டுரை உலகெங்கும் ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக் காட்டுகிற ஒன்று.

குர்குமினின் சரித்திரமும் சுவையானது. 1815ல் பிரான்சில் மஞ்சளிலிருந்து பிரித்தார்கள். 1910ல் அதன் வடிவம் தெரிந்தது. 1949ல் பாக்டீரியாவை அது தடுக்கிறது என்று ‘நேச்சர்’ பத்திரிகையில் குறிப்பு வந்தது. 1995ல் ஹூஸ்டனில் பரத் அகர்வாலும் சிங்கும் குர்குமின் என்.எஃப்.-கப்பா-பியை அவிழ விடாமல் தடுக்கிறது என்று எழுதினார்கள். அங்கிருந்துதான் வெள்ளம். நெருப்பின் தாழ்ப்பாளை நம் அஞ்சறைப்பெட்டியே பூட்டுகிறது என்றால் யாருக்குத்தான் சந்தோஷம் வராது! அதே 1995ல் மிஸிஸிப்பியில் இருந்த இருவருக்கு மஞ்சளால் புண் ஆற்றுவதற்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. இந்தியாவின் விஞ்ஞானத் தொழில் ஆராய்ச்சிக் கவுன்ஸில் பழைய நூல்களைக் காட்டி வாதாடி 1997ல் அதை ரத்து செய்ய வைத்தது. நியாயமான வெற்றி. ஆனால் இந்த வெற்றி நிரூபித்தது ஒன்றுதான்: மஞ்சள் பூசுவது நமக்குப் பழைய பழக்கம். அது எவ்வளவு வேலை செய்கிறது என்பது காப்புரிமை அலுவலகத்தின் கேள்வி இல்லை. நம்மவர்கள் இரண்டையும் ஒன்றாக்கிக் கொண்டார்கள்.

பின்னால் நடந்தது வேறு. அகர்வாலின் கட்டுரைகள் பலவற்றில் உள்ள படங்கள் நம்பத்தக்கவை அல்ல என்று கேள்வி எழுந்து, ஏராளமான கட்டுரைகளைப் பத்திரிகைகளே திரும்பப் பெற்றன. 2017ல் நெல்சனும் அவரது சகாக்களும் குர்குமின் ரசாயனத்தை அலசி ஒரு நீண்ட விமர்சனம் எழுதினார்கள். அவர்கள் சொன்னது: குர்குமின் நிலையற்றது. குடலிலிருந்து ரத்தத்தில் ஏறுவது சொற்பம். சோதனைக் குழாயில் எந்தப் புரதத்தோடும் ஒட்டிக்கொண்டு, வேலை செய்வதுபோல் காட்டும் சுபாவம் அதற்கு உண்டு. நூற்றிருபதுக்கு மேல் மனிதர்கள் மேல் சோதனைகள் நடந்தும், கடுமையான கட்டுப்பாட்டோடு நடந்த ஒன்றும் தெளிவான வெற்றி தரவில்லை. இதை மறுத்தவர்களும் உண்டு. அந்த வாதம் முடியவில்லை.

இதைச் சொல்வதால் சிதம்பரத்தில் எலிகளோடு உட்கார்ந்தவர்களின் உழைப்பு வீண் என்று நான் சொல்வதாக எடுத்துக் கொள்ளக்கூடாது. எலியின் திசுவில் அளந்ததை எலியின் திசு என்றே அவர்கள் எழுதினார்கள். பாரம்பரியத்தின் பெருமை என்று மாற்றி எழுதியவர்கள் பத்திரிகைக்காரர்களும் மாத்திரை விற்றவர்களும். இலக்கியத்தில் நாம் நன்றாக அறிந்த நோய் இது. பழையது ஒன்று நம்மிடம் இருக்கிறது என்பதையே அதன் மதிப்பாக ஆக்கிக்கொண்டு, அதைப் பரீட்சிப்பவனைத் துரோகி என்பது. பழைய நூலைச் சிபாரிசு செய்வதற்கும் படிப்பதற்கும் உள்ள தூரம்தான் மஞ்சளை வணங்குவதற்கும் அளப்பதற்கும் உள்ள தூரம்.

6

2008ல் ஸ்வீடனில் வசித்த இந்திய வம்சாவளி நோயாளி ஒருவரிடம், டெல்லியில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய பிறகு, புதிய நொதி ஒன்றைச் சுமந்த கிருமி கிடைத்தது. கடைசிப் புகலிடமாக வைத்திருந்த கார்பாபெனெம் மருந்துகளையும் வெட்டிப் போடும் நொதி. அதற்கு நியூ டெல்லி மெட்டலோ-பீட்டா-லாக்டமேஸ், சுருக்கமாக என்.டி.எம்.-1 என்று 2009ல் பெயர் வைத்தார்கள். 2010 ஆகஸ்டில் ‘லான்ஸெட்’ குழுமத்தின் தொற்றுநோய்ப் பத்திரிகையில் வந்த கட்டுரையின் முதல் பெயர் கார்த்திகேயன் குமாரசாமி. சென்னைத் தரமணியில் உள்ள சென்னைப் பல்கலைக் கழக ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தவர். கார்டிஃபின் டிமொத்தி வால்ஷோடு சேர்ந்து எழுதியது. சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியா பாகிஸ்தானின் மற்ற இடங்களில் 73 என்று கிருமிகளைக் கணக்கிட்டிருந்தார்கள். இந்த ஜீன் பெரும்பாலும் பிளாஸ்மிட் என்ற தனி வளையத்தில் இருந்தது. அதாவது, தாயிடமிருந்து மகளுக்கு மட்டும் போகாமல், ஒரு ஜாதிக் கிருமியிலிருந்து இன்னொரு ஜாதிக் கிருமிக்குக் கைமாறக் கூடியது. இப்படிக் கைமாறுவதை 1959ல் ஜப்பானியர் பேதிக் கிருமிகளிடம் கண்டார்கள். வாடனபே அதை 1963ல் உலகத்துக்கு விளக்கினார்.

டெல்லிக்குக் கோபம் வந்தது. மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கும் சதி என்றார்கள். தலைநகரத்தின் பெயரை ஒரு கிருமியின் நொதிக்கு வைத்தது அவமானம் என்றார்கள். பெயர் வைத்தது தவறு என்று 2011 ஜனவரியில் ‘லான்ஸெட்’ ஆசிரியரே வருத்தம் தெரிவித்தார். அதற்கு முன்னால் வெரோனா நகரத்தின் பெயரும் சாவோ பாலோ நகரத்தின் பெயரும் இதே மாதிரி நொதிகளுக்கு வைக்கப்பட்டிருந்தன. இத்தாலிக்காரர்கள் பெயரைப் பற்றிச் சண்டை போட்டதாகத் தெரியவில்லை. 2011 ஏப்ரலில் வால்ஷ் குழுவினர் டெல்லித் தெருக்களின் தேங்கிய நீரில் 171 மாதிரி எடுத்து 51ல் இந்த ஜீனைக் கண்டார்கள். குழாய் நீர் 50 மாதிரியில் இரண்டில். பெயரைப் பற்றி நடந்த சண்டையில் தண்ணீரைப் பற்றிய பேச்சு அமுங்கிப் போயிற்று. 2012ல் மருத்துவ சங்கங்கள் கூடி, அப்துல் கஃபூர் முன்னின்று, ‘சென்னைப் பிரகடனம்’ கொண்டு வந்த பிறகுதான் நடக்கக்கூடிய யோசனைகளாகப் பேச்சு இறங்கியது. ஹெச்-1 பட்டியலுக்கு அந்த வற்புறுத்தலும் துணை.

ஃப்ளெமிங் கதைக்கு வெளியே நின்றவர்களை உள்ளே கொண்டு வந்தது இன்னொரு ஆராய்ச்சி. 2007ல் ஸ்வீடனைச் சேர்ந்த லார்சன் குழுவினர் ஹைதராபாத்துக்குப் பக்கத்தில் பட்டான்செருவில், தொண்ணூறு சொச்சம் மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்தம் செய்து வெளியேற்றும் நிலையத்தின் நீரை எடுத்தார்கள். லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்ஸஸின் இருந்தது. மருந்து சாப்பிடும் நோயாளியின் ரத்தத்தில் இருப்பதை விட அதிகம். மிஸ்டர் எக்ஸ் பல வருஷம் குறைமாத்திரை விழுங்கினாலும் செய்ய முடியாத பாடத்தை ஒரு குழாய் ஒரு நாளில் செய்கிறது.

இதைத் தொடர்ந்து 2020 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மருந்து ஆலைக் கழிவில் நூற்றுக்கு மேற்பட்ட ஆன்டிபயாடிக்குகளுக்கு உச்ச அளவு குறித்து ஒரு வரைவு வெளியிட்டது. உலகத்தில் எந்த தேசமும் அதுவரை செய்யாத காரியம். 2021 ஆகஸ்டில் இறுதி விதி வந்தபோது அந்தப் பட்டியல் இல்லை. 2024 செப்டம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் இதே விஷயத்துக்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அவை யோசனைகள், சட்டம் அல்ல.

எதிர்க்கும் ஜீன்கள் நாம் உண்டாக்கியவை இல்லை என்பது உண்மை. 2011ல் கனடாவின் வடக்கே 30,000 வருஷம் உறைந்திருந்த மண்ணிலிருந்து அத்தகைய ஜீன்களை எடுத்தார்கள். மண்ணில் மருந்து செய்யும் உயிர்கள் இருக்கும்வரை மருந்தை முறிக்கும் உயிர்களும் இருக்கும். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் பரங்கிப்பேட்டையில், ஆர்.வி. சேஷையா வளர்த்த கடல் உயிரியல் நிலையத்தின் ஆராய்ச்சியாளர்கள் பிச்சாவரம் சதுப்புச் சேற்றில் ஆக்டினோமைஸீட்டுகளைத் தேடி வருவது இந்த நம்பிக்கையில்தான். ஷாட்ஸின் ஸ்ட்ரெப்டோமைஸின் வந்த அதே குடும்பம் அது. சேறு பழைய யுத்தகளம். நாம் செய்தது அந்த யுத்தத்தைச் சேற்றிலிருந்து ஆஸ்பத்திரிக்கும் ஆற்றுக்கும் இழுத்து வந்தது. காலம், அளவு, இடம் மூன்றையும் மாற்றியது. அந்த மாற்றத்துக்குக் கர்த்தாக்கள் உண்டு. அவர்களுக்கு விலாசம் உண்டு, உரிமம் உண்டு, கணக்குப் புத்தகம் உண்டு.

விதி என்று சொன்னால் இவை எதையும் பார்க்க வேண்டியதில்லை. புதுமைப்பித்தனின் சாவைப் பற்றிய நம் வாக்கியம் எனக்குச் சம்மதமில்லாததற்குக் காரணம் அதுதான். மருந்து வந்தால் போதும் என்று அது நம்புகிறது. மருந்து 1943ல் வந்தது. அதை யாருக்கு, எதனோடு சேர்த்து, என்ன விலையில், எவ்வளவு நாள் கொடுப்பது என்று கண்டுபிடிக்க இன்னும் பதினைந்து வருஷமும் சேத்துப்பட்டில் 193 ஏழைகளும் தேவைப்பட்டார்கள். இன்று உப்பனாற்றங்கரையில் கேட்க வேண்டிய கேள்வியும் அந்த ரகம்தான். ஆலைக் குழாயின் வாயில் எவ்வளவு மருந்து இருக்கலாம் என்று யார் எண் குறிப்பது, யார் அளப்பது, அளந்ததை யாருக்குச் சொல்வது. குடிகாட்டு ஜனங்களுக்கு இந்தக் கேள்வி புரியும். நாமும் அதைக் கேட்க வேண்டும்.